ஆறு கிளாஸும் ஓர் ஓமத்தண்ணி பாட்டிலும்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சூசைநாதனின் பிழைப்பு ஆறு கிளாஸ்களில் ஊற்றி வைக்கப்படும் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். இப்போது சனிக்கிழமை காலை எட்டு மணி.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. ஆற்றங்கரையில் இருக்கும் ஹென்ஷா ஒயின் கம்பெனியில் சூசைநாதன் ஸ்டோர் கீப்பர். பிரான்சிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலில் வரும் ஒயின்களை முகர்ந்து, சுவைத்து, ஒவ்வொன்றும் என்ன மாதிரி என்று கம்பெனியின் விலைப் புத்தகத்துக்கு எழுதிக் கொடுப்பவர் அவர்தான் என்று ஐந்து வருஷமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் டாங்லின் பக்கத்து பங்களாத் துரைமார் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள்.

ஆனால் சூசைநாதனுக்கு வாசனையே தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில், பாலத்தருகே குனிந்து வணங்கவில்லை என்று ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் மூக்கில் இடித்தான். அன்றோடு மல்லிகையும் போயிற்று, கருவாடும் போயிற்று. ஐந்து வருஷமாக முகர்ந்தவள் அவர் மனைவி அல்போன்சம்மாள். அதை இங்கிலீஷாக்கியவள் மகள் ரீத்தா, பதினேழு வயது, கான்வென்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் படிப்பவள். அடியில் இருந்த பெயர் மட்டும் அவருடையது.

பழைய மானேஜர் நல்ல மனிதர், எதையும் துருவ மாட்டார். எலக்‌ஷன் வரப்போகிறது, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறுகிறார்கள் என்று அவரும் போன மாதம் ஏறிவிட்டார். புதிதாக வந்திருக்கும் கிரெஷம் துரை லண்டனில் ஒயினிலேயே ஊறியவர். லேபிள் இல்லாமல் ஆறு கிளாஸ் வைக்கிறேன், என் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள் என்றார். சொன்னால் சரக்கறை முழுக்க சூசைநாதன் பொறுப்பு. சொல்லாவிட்டால் கம்பெனியில் அவருக்கு இடமில்லை.

"போர்தோ?" என்றாள் அல்போன்சம்மாள்.

டன்லப் ஸ்ட்ரீட் மாடியறையில், கையில் தோசைக் கரண்டியோடு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பது போலத்தான் கேட்டாள். வேறு எப்படிப் பாடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியாது.

"நாவல் பழம். பென்சில் சீவின வாசம். சுருட்டுப் பெட்டி" என்றார் சூசைநாதன், கண்ணை மூடிக்கொண்டு.

"வாயில?"

"அது எனக்கே தெரியுமே. நாக்கு வறண்டு இழுக்கும்."

"பர்கண்டி?"

"ரோசாப்பூ."

"எப்படிப்பட்ட ரோசாப்பூ?"

"ரோசாப்பூன்னா ரோசாப்பூதான்!"

"வாடின ரோசாப்பூங்க. மாதா காலடியில மூணு நாள் கெடந்த பூ. பின்னால மழை விட்ட மண்ணு, காளான். எத்தனை தடவ சொல்றது! ரைன் நதி வெள்ளை?"

"எலுமிச்சந்தோல், பச்சை ஆப்பிள்..." அவர் கண்ணைத் திறந்தார். "அந்த மண்ணெண்ணெயையும் சொல்லணுமா? தொரை சிரிப்பான்."

"இருக்குதே, சொல்லாம எப்படி?"

"அதை நான் 'லேம்ப் ஆயில்'னு டீசன்டா போட்டிருக்கேன்ப்பா" என்று மேஜையிலிருந்து ரீத்தா சொன்னாள். "அவங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு."

மூக்கு செத்தாலும் நாக்கு சாகவில்லை என்பதுதான் இவர்கள் போட்டிருந்த திட்டத்துக்கு ஒரே ஆதாரம். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, தொண்டையில் எரிவு, எல்லாம் சூசைநாதனுக்கு நன்றாகவே தெரியும். நிறமும் தெரியும். வீட்டிலும் அப்படித்தான் நடந்து வந்தது. அவர் ஒரு மிடறு வைத்து வாயில் என்ன என்று சொல்வார். அவள் முகர்ந்து மூக்கில் என்ன என்று சொல்வாள். அவள் ஒரு சொட்டும் வாயில் விட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அவளுடைய அண்ணன் இஞ்ஞாசி சம்சு குடித்துச் செத்தவன். திருட்டுச் சாராயம், இரண்டே நாள், கண் பார்வை முதலில் போயிற்று, பிறகு ஆள் போனான். அடக்கம் முடிந்த அன்றே ஆபீர் ரோடு லூர்து மாதா கெபி முன்னால் முழங்கால் போட்டு, என் நாக்கில் ஒரு சொட்டும் படாது தாயே என்று நேர்ந்துகொண்டாள். மூக்கைப் பற்றி மாதாவிடம் எதுவும் பேசவில்லை.

"ஸ்பெயின் ஷெர்ரி?"

"வறுத்த வேர்க்கடலை. கடல் காத்து."

"போர்ச்சுகல் போர்ட்?"

"ஒலந்த திராட்சை, பனங்கற்கண்டு. இனிப்பு தூக்கலா இருக்கும், அத விடு, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்திரேலியா வந்தா சளிக்குத் தேய்க்கிற நீலகிரித் தைலம். மதீரான்னா கருகின சர்க்கரைப் பாகு. இதெல்லாம் வரும். எனக்கு பயமே அந்தக் கறுஞ்சிவப்புதான்."

"நாப்பத்திரெண்டுதானே?" என்றாள் அல்போன்சம்மாள். "அதுக்கென்ன பயம்? அதுலதான் ஓமம் இருக்குதே."

விலைப் புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் நம்பர், தென் பிரான்சில் ரோன் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. போன வருஷம் அதை முகர்ந்தபோது மிளகு, காய்ந்த புளி, புதுத் தோல் செருப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஓமம் என்று அவள் சொல்லியிருந்தாள். ஒயினில் ஓமம் வருமா என்று அவளுக்கே முதலில் சந்தேகம். செருப்பும் மண்ணெண்ணெயும் வரும்போது ஓமம் வந்தால் என்ன என்று விட்டுவிட்டாள். ஓமத்துக்கு இங்கிலீஷ் தெரியாமல் ரீத்தா ஒரு ஸ்பூன் ஓமத்தைக் காகிதத்தில் மடித்து கான்வென்டுக்கே எடுத்துப் போனாள். சிஸ்டர் முகர்ந்து பார்த்து 'தைம்' என்றார். அப்படியே அச்சாயிற்று.

அதற்குப் பிறகு துரைமார்களும் துரைசானிகளும் அந்த ஒயினில் தைம் வாசத்தைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து மெச்சினார்கள். இல்லை என்று சொன்ன ஒருவரும் கிடையாது. ஹென்ஷா கம்பெனியில் அந்த வருஷம் அதிகம் போனது அதுதான்.

"அப்பா" என்று ரீத்தா பேனாவை மூடினாள். "கடைசியா ஒரு தடவ சொல்றேன். உண்மையச் சொல்லிடுங்க. அம்மாவையே கூட்டிட்டுப் போங்க."

"சும்மா இரு லா. ஒரு பொம்பளைய கூட்டிட்டுப் போயி, இவதான் மோந்து பாத்தான்னு தொரை முன்னால நிக்கவா? பதிமூணு வருஷ சர்வீஸ்."

"ஏன், பொம்பள மோந்தா வாசம் வராதா?"

"ரீத்தா!" என்றாள் அல்போன்சம்மாள். ஆனால் மகள் கேட்ட கேள்வி காலையிலிருந்து தனக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விலைப் புத்தகம் அச்சாகி வரும்போதெல்லாம், இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பாள். எது எது தன்னுடையது என்று நம்பரை வைத்துத் தெரியும். பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

சூசைநாதன் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டார். பொத்தான் போடவில்லை, வயிறு சம்மதிக்கவில்லை. சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அவர் போன பிறகு அல்போன்சம்மாள் உட்காரவேயில்லை. துடைத்த தரையையே துடைத்தாள். அரிசி களைந்தாள், உலையை வைக்க மறந்தாள். ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். கீழே எலக்‌ஷன் லாரி ஒன்று ஒலிபெருக்கியில் நாலு பாஷையிலும் முழங்கிக்கொண்டு போயிற்று.

"உக்காருங்கம்மா, தல சுத்துது" என்றாள் ரீத்தா.

"நீ படி."

"எங்க படிக்கறது? ஒரே பக்கத்தை இருபது நிமிஷமா பாத்துட்டிருக்கேன்."

பத்தே காலுக்குக் கீழ்வீட்டுப் பூவம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். தோளில் மூன்று மாதக் குழந்தை, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, ராவெல்லாம் தூங்கல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. ஓமத்தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்கக்கா."

"இரு, இரு, இருக்கு."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். ஓமத்தண்ணி காய்ச்சினால் எப்போதும் ஊற்றி வைக்கும் பழைய மருந்துப் பாட்டில், கழுத்து ஒடுங்கியது, பழுத்துக் கறுத்துப்போன தக்கை. தக்கையைத் திருகி எடுத்ததும் ஓம வாசம் அறை முழுக்க வந்தது. குழந்தைக்கு ஒரு டம்ளரில் ஊற்றினாள். பாட்டிலைத் திரும்ப வைக்கப் போகும்போதுதான் கண் அதன் வயிற்றில் விழுந்தது.

பாட்டிலின் வயிற்றில் பாதி கிழிந்த ஒரு காகித லேபிள் ஒட்டியிருந்தது. அதில் ஊதா நிறக் காப்பிப் பென்சிலால் எழுதியிருந்தது, கழுவிக் கழுவி மங்கியும் போகவில்லை. நாற்பத்திரண்டு. அதன் கீழே இரண்டு இங்கிலீஷ் எழுத்து. எஸ்.என். அவளுக்கு இங்கிலீஷில் படிக்கத் தெரிந்ததே அந்த இரண்டு எழுத்துதான். கம்பெனியிலிருந்து சாம்பிள் கொண்டு வரும் ஒவ்வொரு பாட்டிலிலும் அவர் நம்பர் போட்டு, அடியில் அதைப் போடுவார்.

அல்போன்சம்மாள் தக்கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

வீட்டில் எந்தப் பாட்டில் காலியாக இருக்கிறதோ அதைக் கழுவிச் சாம்பிளுக்கு எடுத்துப் போவது அவர் வழக்கம். கழுவினால் கண்ணாடி சுத்தமாகும். தக்கை சுத்தமாகாது. அதை முகர்ந்து பார்க்கிற மூக்கு அவரிடம் இல்லை. போன வருஷம் அவள் முகர்ந்த ஓமம் பிரான்சிலிருந்து கப்பலேறி வரவேயில்லை. இந்த அலமாரியிலிருந்து போய், இந்த அலமாரிக்கே திரும்பி வந்திருக்கிறது.

"ஐயோ, மாதாவே."

"என்னம்மா?" ரீத்தா எழுந்தாள்.

"அந்த ஒயின்ல ஓமம் இல்லடி. இந்தத் தக்கையில இருந்தது. உங்கப்பா இப்ப போயி ஓமம் ஓமம்னு சொல்லப் போறாரு."

ரீத்தாவுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் இருக்கும் அத்தனை பங்களாவும் ஒரு வருஷமாகப் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் வயிற்று மருந்தை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தெருமுனையில் துரைசாமி கடையில் போன் இருந்தது. ரீத்தா ஓடிப் போய்க் கூப்பிட்டாள். மறுமுனையில் கம்பெனி கிளார்க், துரை சூசைநாதனை இப்போதே உள்ளே கூப்பிட்டுவிட்டார், கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துவிட்டான். மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் வைத்துவிட்டான்.

"டாக்ஸி பிடி" என்றாள் அல்போன்சம்மாள். வீட்டுச் சேலைதான் உடுத்தியிருந்தாள். மாற்றத் தோன்றவில்லை. பாதி வழியில்தான் கையில் அந்தப் பாட்டில் இன்னும் இருப்பதைப் பார்த்தாள்.

ஹில் ஸ்ட்ரீட் வந்ததும் டாக்ஸி நின்றது. முன்னால் இரண்டு எலக்‌ஷன் லாரிகள், இரண்டு கட்சி, இரண்டுக்கும் வழி விட மனதில்லை. கொடியும் கூச்சலுமாகத் தெரு அடைத்துக்கொண்டது. டாக்ஸிக்கார அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு சிகரெட் பற்ற வைத்தார். மணி பத்து ஐம்பத்தைந்து.

"எறங்குடி."

"அம்மா, இன்னும் தூரம் இருக்கு."

"எனக்குக் கால் இருக்கு."

முப்பத்தொன்பது வயதில் அல்போன்சம்மாள் ஆற்றங்கரையோரமாக ஓடினாள். மூச்சு முட்டியது. மூக்கு மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. ஆற்றுச் சேறு, ரப்பர் ஷீட்டின் புகை, கிராம்பு மூட்டை, அழுகிய வாழைப்பழம். பதிமூன்று வருஷமாகப் புருஷன் சட்டையில் வந்த வாசமெல்லாம் இங்கேதான் இருந்தது. ஹென்ஷா கம்பெனி வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா கையை நீட்டி மறித்தான். ரீத்தா மலாயில் ஏதோ படபடவென்று சொன்னாள், பாதி அழுகையோடு. அவன் கையை இறக்கிவிட்டான்.

சரக்கறைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜையில் ஆறு கிளாஸ். எதிரும் புதிருமாக இருவர். கிரெஷம் துரை ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தார். சூசைநாதனின் கல்யாணக் கோட்டு முதுகில் நனைந்திருந்தது.

நாலு கிளாஸ் முடிந்திருந்தது. நாலும் சரி. ஷெர்ரியை நிறத்திலும் போர்ட்டை இனிப்பிலும் பிடித்திருக்கிறார், ரைன் வெள்ளைக்கு மண்ணெண்ணெயும் போர்தோவுக்குப் பென்சிலும் பாடம் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். மிச்சம் இருந்தது மூன்றாவது கிளாஸும் ஐந்தாவது கிளாஸும். இரண்டும் கறுஞ்சிவப்பு. ஒன்று நாற்பத்திரண்டாம் நம்பர். இன்னொன்று அல்ஜீரியாவிலிருந்து பீப்பாயில் வரும் மட்ட ஒயின், கப்பல்காரர்களுக்குக் கொடுப்பது. எது எது என்று சொல்ல வேண்டும்.

சூசைநாதன் மூன்றாவதைக் குடித்தார். ஐந்தாவதைக் குடித்தார். மறுபடியும் மூன்று. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மூன்றாவது கிளாஸைத் தொட்டு, "திஸ் ஒன், சார். தைம், சார். வெரி ஸ்ட்ராங் தைம்" என்றார்.

கிரெஷம் அந்தக் கிளாஸை எடுத்து முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். இருபது வருஷமாக இந்த ஒயினைத் தெரியும், இதில் ஒரு நாளும் தைம் இருந்ததில்லை, இந்தக் கிளாஸிலும் இல்லை என்றார். ரீத்தா அதை அம்மாவின் காதில் சொல்லி முடிப்பதற்குள் அல்போன்சம்மாள் உள்ளே போய்விட்டாள்.

"ஓமம் ஆறுலயும் கெடையாதுங்க."

சூசைநாதன் திரும்பினார். பேயைப் பார்த்தவர் போல எழுந்தார். கிரெஷமும் எழுந்தார், அது அவர்கள் மரியாதை.

"சொல்லு" என்றாள் மகளிடம்.

"அம்மா, அப்பா மாட்டிக்குவாங்கம்மா."

"மாட்டியாச்சு. நான் சொல்றத ஒரு வார்த்தை விடாம சொல்லு. கூட்டாத, குறைக்காத."

பாட்டிலைக் கிளாஸ்களுக்கு நடுவே மேஜையில் வைத்தாள். தக்கையைப் பிடுங்கித் துரையின் முன்னால் நீட்டினாள். ஓமத்தண்ணி, குழந்தை, சாம்பிள், தக்கை, எல்லாவற்றையும் சொன்னாள். ரீத்தா வரிக்கு வரி இங்கிலீஷாக்கினாள். கிரெஷம் தக்கையை முகர்ந்தார். அவர் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

அப்படியானால் புத்தகத்தில் இருப்பதெல்லாம் யார் எழுதியது என்று கேட்டார். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. சூசைநாதனைப் பார்த்துக் கேட்டார்.

வெளியே படகுக்காரர்கள் மூட்டை எண்ணும் சத்தம் கேட்டது.

"மை வைஃப், சார்" என்றார் சூசைநாதன். "ஆல், மை வைஃப்."

ஐந்து வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அதை ரீத்தா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கண் நிறைந்து விட்டது அவளுக்கு. இந்த மனுஷனிடம் கோபித்துக்கொண்ட நாளெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

கிரெஷம் தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். மூன்றையும் ஐந்தையும் அவள் முன்னால் நகர்த்தினார்.

அல்போன்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். மூன்று. "மிளகு. காஞ்ச புளி. புதுத் தோல் செருப்பு. அடியில கொஞ்சம் இரும்பு, மழையில நனைஞ்ச ஜன்னல் கம்பி மாதிரி." ஐந்து. நெற்றி சுருங்கியது. திரும்ப மூன்று. திரும்ப ஐந்து. "எனக்கு வித்தியாசம் தெரியலையே."

அதைக் கேட்டதும் கிரெஷம் முகத்திலிருந்த ஆவல் வடிந்தது. மூக்கு மட்டும் போதாது, வாயில் வைத்துப் பார்க்கச் சொல் என்றார்.

"குடிக்க மாட்டேன்னு நேர்ந்திருக்கேன். சொல்லு ரீத்தா."

துரை தோளைக் குலுக்கினார். வாயில் வைக்காதவர்கள் ஒயினைப் பற்றி எழுதியதை நம்பி யார் வாங்குவார்கள் என்றார். நியாயமான கேள்விதான்.

சூசைநாதன் அவள் பக்கம் சாய்ந்தார். "ஒரே ஒரு சொட்டு, அல்போன்சு. முழுங்க வேணாம், துப்பிடலாம். இங்க எல்லாரும் துப்பத்தான் செய்வாங்க. பாரு, அதுக்குத்தான் அந்தப் பித்தளைச் செம்பு."

அவள் அவரையே பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவ்வளவு உயரத்தில் இருந்த மனுஷன்.

"இஞ்ஞாசி அண்ணனைக் குழியில எறக்கினப்ப பக்கத்துல நின்னது நீங்க. கெபி முன்னால நான் முழங்கால் போட்டப்பவும் நின்னீங்க. இப்ப துப்பிடலாம்னு சொல்றீங்க."

அவர் தலை குனிந்தது. மூன்றாவது கிளாஸை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க குடிங்க. வீட்டுல எப்படிச் செய்வோமோ அப்படி. வாயில என்னன்னு நீங்க சொல்லுங்க. பயப்படாம சொல்லுங்க. பாடம் ஒண்ணும் வேணாம்."

சூசைநாதன் குடித்தார். ஐந்தாவதையும் குடித்தார். வாயைக் கொப்பளித்துச் செம்பில் துப்பினார்.

"துவர்ப்பு ஒண்ணுதான். எரிவு ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, அல்போன்சு. முன்னயே தோணுச்சு. எனக்குத்தான் தெரியலைன்னு நெனச்சி சொல்ல பயந்துட்டேன்."

"மூக்குலயும் ஒண்ணுதான்" என்றாள் அவள். கிரெஷம் பக்கம் நிமிர்ந்தாள். "தொரைகிட்டச் சொல்லுடி. இது ரெண்டு ஒயின் இல்ல. ஒரே ஒயின்."

முடியாது என்றார் கிரெஷம். ஒன்று விலையில் மற்றதைப் போல மூன்று மடங்கு, தன் கையால் இரண்டு வெவ்வேறு பாட்டிலிலிருந்து ஊற்றியது என்றார். சொல்லும்போதே கை மூன்றாவது கிளாஸுக்குப் போயிற்று. தைம் இருக்கிறதா என்று முகர்ந்தாரே தவிர, அதுவரை அவர் குடித்துப் பார்க்கவில்லை. இப்போது குடித்தார். ஐந்தாவதைக் குடித்தார். மறுபடியும் மூன்று.

கிளாஸை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இரண்டும் அல்ஜீரியா என்றார். நாற்பத்திரண்டாம் நம்பர் லேபிளுக்குள் இருப்பது மட்டச் சரக்கு. ஒரு பாட்டிலா, ஒரு பெட்டியா, விற்றதெல்லாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ரீத்தா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அல்போன்சம்மாளுக்கு உள்ளே ஒரு பெருமிதம் எழுந்தது. பார்த்தாயா, கண்டுபிடித்தோமா இல்லையா.

கிரெஷம் பக்கத்து அலமாரியிலிருந்து, துணி சுற்றியிருந்த அந்த நாற்பத்திரண்டாம் நம்பர் பாட்டிலை எடுத்து வந்தார். துணியை அவிழ்த்தார். பிரான்சிலிருந்து பீப்பாயில் வருவதை இங்கே சரக்கறையில்தான் பாட்டிலில் அடைப்பார்கள். அடைத்தவர் பாட்டிலின் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டித் தன் அடையாளம் போட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். சீட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, சரக்கறை ஆட்களில் யாருக்கு எந்த அடையாளம் என்று அவருக்குத் தெரியாது.

யார் இந்த எஸ்.என்.?

கேள்வியை ரீத்தா மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. சீட்டில் ஊதாக் காப்பிப் பென்சிலில் இருந்த அந்த இரண்டு எழுத்தை அல்போன்சம்மாள் பார்த்துவிட்டாள். அதே இரண்டு எழுத்து அவள் கொண்டு வந்து வைத்த ஓமத்தண்ணி பாட்டிலின் வயிற்றில், துரையின் கைக்கு ஒரு சாண் தூரத்தில், அவரைப் பார்த்து இருந்தது.

மூக்கு இல்லாத மனுஷன், பீப்பாயைத் தெரியாமல் மாற்றித் திறந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அதில் திகைப்பு இருக்கும் என்று பார்த்தாள்.

திகைப்பைக் காணோம்.

அவள் கை நீண்டது. உண்மையைச் சொல்லத் தெருவெல்லாம் ஓடி வந்த அதே அல்போன்சம்மாளின் கை, தக்கையை எடுத்துப் பாட்டிலின் வாயை அடைத்தது. அடைக்கிற சாக்கில், லேபிள் சுவரைப் பார்க்கும்படி பாட்டிலைத் திருப்பி வைத்தது.

"வீட்டுக்குப் போயி பேசிக்கலாம், அல்போன்சு" என்றார் சூசைநாதன் மெதுவாக.

கிரெஷம் ரீத்தாவின் பக்கம் திரும்பினார். உன் அப்பா இப்போது என்ன சொன்னார் என்று கேட்டார்.

இத்தனை நேரம் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷாக்கிய ரீத்தா, வாயைத் திறந்துவிட்டு, அம்மாவைப் பார்த்தாள். அல்போன்சம்மாள் மகளின் கண்ணைப் பார்க்கவில்லை.